மறுவீட்டுச் சொதிக்குப் பிறகு ஏறிய இரண்டு கிலோ

2024 வைகாசியில் அம்பாசமுத்திரத்தில் என் சித்தி மகளுக்குத் திருமணம் நடந்தது. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலையே பாளையங்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு போய்விட்ட நாங்கள், முகூர்த்தச் சாப்பாடு, மறுநாள் மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பால் சொதி எல்லாம் முடித்து மூன்றாம் நாள் இரவுதான் வீடு திரும்பினோம். விடிந்ததும் வழக்கம்போல எடை மெஷினில் ஏறி நின்றேன். புறப்பட்ட அன்று காலையில் 71.2 கிலோ காட்டிய மெஷின், இப்போது 73.5 காட்டியது. இறங்கி, அது தரையில் ஆடாமல் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடியும் ஏறினேன். அதே 73.5.

அந்த 2.3 கிலோவைக் குறைக்க எனக்கு எட்டு வாரங்கள் ஆகியிருந்தன. இரவில் இரண்டு இட்லியோடு எழுந்துகொண்ட எட்டு வாரங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்போடு வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி நடந்த எட்டு வாரங்கள். மூன்றே நாளில் அத்தனையும் திரும்பி வந்துவிட்டதாக அந்த எண் சொன்னது. எண் பொய்யில்லை, என் உடல் அன்று உண்மையிலேயே 73.5 கிலோ கனத்தது. ஆனால் அந்த எண்ணிலிருந்து நான் எதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தெரியாத காலத்தில் நான் இழந்தது அதிகம் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2019ஆம் ஆண்டு நான் 73 கிலோவிலிருந்து 69க்கு வந்திருந்தேன். தீபாவளி வந்தது. முறுக்கும் அதிரசமும் அல்வாவுமாக நான்கு நாள் போன பிறகு மெஷின் 71 காட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று மாத உழைப்பில் பாதி நான்கு நாளில் போய்விடும் என்றால், இந்த உடம்போடு மல்லுக்கட்டுவதில் பொருளே இல்லை என்று முடிவு செய்தேன். மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அதன் பிறகு நான்கு ஆண்டுகள் அதில் நான் ஏறவே இல்லை. 2024 ஜனவரியில் மருத்துவர் சொல்லி ஏறியபோது 78.4 கிலோ. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.2 சதவீதம். 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று பொருள். அன்று கட்டிலுக்கு அடியில் தள்ளிய மெஷினை நாலு நாள் கழித்து வெளியே எடுத்துப் பார்த்திருந்தால், அது 69.3 என்றோ 69.5 என்றோதான் காட்டியிருக்கும் என்பதை இப்போது அறிவேன். கொழுப்பு என்னைத் தோற்கடிக்கவில்லை. தண்ணீரைக் கொழுப்பென்று நினைத்து நானே பாதியில் எழுந்துவிட்டேன்.

நம் ஊர்ப்பக்கம் பெரியவர்களுக்கு இது ஓரளவு தெரிந்தே இருந்திருக்கிறது. "அது சதை இல்ல, நீர் உடம்பு" என்று ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். காலையில் கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தால் முகம் உப்பியிருக்கிறது என்கிறோம். வயிறு கனத்தால் உப்புசம் என்கிறோம். சோற்றில் போடுவதும் உப்பு, உடம்பு ஊதுவதும் உப்புதல். இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றா என்று எனக்குள் பலமுறை கேட்டுக்கொண்டதுண்டு. வேர் எப்படியானாலும், உடலுக்குள் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கின்றன.

உப்பின் கணக்கு எளிமையானது. நம் இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள நீர் ஒரு குறிப்பிட்ட உப்புத்தன்மையிலேயே இருந்தாக வேண்டும். மருத்துவமனையில் ஏற்றும் சலைன் பாட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு. உடலின் உப்புத்தன்மைக்கு ஏறத்தாழ ஒத்த அளவு அது. அப்படியானால், வழக்கத்துக்கு மேல் 9 கிராம் உப்பு உள்ளே போய், அது இன்னும் வெளியேறாமல் இருக்கும்வரை, அதைக் கரைத்து வைத்திருக்க உடலுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் கூடுதலாக வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. தாகம் எடுக்கிறது, குடிக்கிறோம், சிறுநீரகங்கள் அந்த நீரைச் சிறிது காலம் பிடித்து வைத்துக்கொள்கின்றன. பிறகு உப்பையும் நீரையும் மெல்ல வெளியே விடுகின்றன. உப்பு கூடிய அன்றே அவை அத்தனையையும் தள்ளிவிடுவதில்லை. அவற்றுக்கு இரண்டு மூன்று நாள் அவகாசம் தேவை.

ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது; அது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நான் அந்தத் திருமண வீட்டில் சாப்பிட்டதை நினைத்துப் பார்த்தேன். காலையில் பொங்கல், வடை, சாம்பார். மதியம் பந்தியில் சாம்பார், ரசம், அவியல், கூட்டு, மாங்காய் ஊறுகாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம் இரண்டு, மோருக்கு மோர்மிளகாய். மறுநாள் சொதி. சொதியை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதல் தேங்காய்ப்பாலும் இரண்டாம் பாலும் பாசிப்பருப்பும் காய்களும் சேர்ந்த அந்த மென்மையான குழம்பில் உப்பு மட்டாகத்தான் இருக்கும். அதற்குத் தொட்டுக்கொள்ள வைக்கும் இஞ்சித் துவையலிலும் உருளைக்கிழங்குக் காரக்கறியிலும் அப்பளத்திலும்தான் உப்பு ஏறுகிறது. உப்பளங்கள் நிறைந்த தூத்துக்குடி நமக்கு அடுத்த வீடு. உப்புக்கு நாம் என்றும் பஞ்சம் வைத்ததில்லை. மூன்று நாளில் என் வழக்கத்துக்கு மேல் 6, 7 கிராம் உப்பாவது உடலில் தங்கியிருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், அதற்கே முக்கால் கிலோ நீர் கணக்காகிவிடுகிறது.

மீதி எங்கிருந்து வந்தது? சோற்றிலிருந்து. ஆனால் நாம் அஞ்சுகிற வகையில் அல்ல.

நாம் உண்ணும் அரிசியும் கோதுமையும் சர்க்கரையாக மாறி, உடனே செலவாகாத பகுதி கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமிப்பாகிறது. கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும், தசைகளில் 400 கிராமும் இருக்கலாம். ஆளுக்கு ஆள் மாறும். இந்தச் சேமிப்பு உலர்ந்த நிலையில் இருப்பதில்லை. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு 3 கிராம் அளவுக்கு நீரைச் சேர்த்தே வைத்திருக்கிறது. நான்கு மாதமாக மதியம் ஒரு கிண்ணம் சோறு, இரவில் இரண்டு இட்லி என்று இருந்த எனக்கு அந்தக் களஞ்சியம் பாதிக்கு மேல் காலியாகவே இருந்திருக்கும். மூன்று நாள் மூன்று வேளையும் சோறும் பலகாரமுமாகச் சாப்பிட்டதும் அது நிரம்பியது. 300 கிராம் கிளைக்கோஜன் சேர்ந்தால், கூடவே 900 கிராம் நீரும் சேரும், 1.2 கிலோ. அதற்கு மேல் குடலில் இன்னும் செரித்து முடியாத உணவின் கனம் தனி.

இனி கொழுப்புக்கு வருவோம். ஒரு கிலோ உடற்கொழுப்பு சேர ஏறத்தாழ 7,700 கலோரி தேவைக்கு மேல் மிஞ்ச வேண்டும். 2.3 கிலோவும் கொழுப்பாக இருந்திருந்தால், அந்த மூன்று நாளில் நான் என் தேவைக்கு மேல் 17,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். என் வயதுக்கும் உயரத்துக்கும் ஒரு நாள் தேவை 1,800 கலோரிக்குப் பக்கத்தில் வரும். மூன்று நாளுக்குள், அந்த மூன்று நாள் சாப்பாட்டையும் சாப்பிட்டு, அதற்கு மேல் இன்னும் பத்து நாள் சாப்பாட்டையும் சாப்பிட்டிருக்க வேண்டும். எந்தப் பந்தியிலும் என்னால் அது இயலாது. நான் கூடுதலாகச் சாப்பிட்டது 2,000 கலோரி என்றே வைத்தாலும், அது முழுவதும் கொழுப்பாகவே மாறினாலும், 260 கிராம்தான் ஏறியிருக்கும். கிளைக்கோஜன் களஞ்சியத்தை நிரப்பவும் அதில் ஒரு பகுதி போயிருக்கும் என்பதால் உண்மையில் அதைவிடக் குறைவு.

அந்தக் காலையில் இந்தக் கணக்கை நோட்டில் எழுதிப் பார்த்தபோது எனக்கு ஆறுதல் மட்டும் வரவில்லை. ஒரு சங்கடமும் வந்தது. ஜனவரியில் உணவை மாற்றிய முதல் வாரத்தில் 2.6 கிலோ குறைந்ததை நான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தேன். அதே கணக்கை அங்கே போட்டால் என்ன ஆகும்? சோற்றைக் குறைத்ததும் களஞ்சியம் காலியாகி, அதோடு இருந்த நீரும் வெளியேறியிருக்கிறது. மாவுச்சத்து குறையும்போது இன்சுலின் குறைகிறது. இன்சுலின் குறையும்போது சிறுநீரகங்கள் உப்பை அதிகமாக வெளியே விடுகின்றன. உப்போடு நீரும் போகிறது. அந்த 2.6 கிலோவில் கொழுப்பு அரைக் கிலோ இருந்திருந்தால் பெரிது. போன தண்ணீரை என் சாதனை என்று எழுதி வைத்துக்கொண்டவள், அதே தண்ணீர் திரும்பி வந்ததும் அதை என் தோல்வி என்று எழுத முயன்றிருக்கிறேன். ‘பத்தே நாளில் ஐந்து கிலோ’ என்று விளம்பரம் செய்பவர்கள் விற்பது பெரும்பாலும் இந்த முதல் வாரத்துத் தண்ணீரைத்தான். அதை நம்பிப் பணம் கட்டி, பிறகு அந்த எடை திரும்பி வந்ததும் தங்களைத் தாங்களே வெறுக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

என் அப்பாவின் ஊர் மானூர்ப் பக்கம். கோடையில் குளம் வற்றியதும் கரம்பை மண் எடுத்து வயலுக்கு அடிப்பார்கள். வண்டி வண்டியாகக் கரம்பை போயிருக்கும். ஐப்பசியில் மழை பெய்து குளம் பெருகிவிட்டால், கரையில் நின்று பார்ப்பவருக்கு எத்தனை வண்டி மண் போயிற்று என்று ஒன்றும் தெரியாது. மடை வழியே தண்ணீர் வயலுக்குப் போய், குளம் மறுபடியும் வற்றும்போதுதான் அடித்தளம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று தெரியும். நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு, கரம்பை திரும்பி வந்துவிட்டது என்று எந்த விவசாயியும் சொல்ல மாட்டார். எடை மெஷின் முன்னால் நான் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

பெண்களுக்கு இந்த நீர்மட்டம் மாதந்தோறும் ஏறி இறங்குகிறது. இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசுவது நம் வீடுகளில் இன்னும் வழக்கமாகவில்லை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மாதவிலக்குக்கு முந்தைய நான்கைந்து நாட்களில் ஹார்மோன்களின் மாற்றத்தால் உடல் நீரைப் பிடித்து வைக்கிறது. சிலருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு இரண்டு கிலோ வரை ஏறும். எனக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மூன்று மாதமும் நோட்டை வைத்துப் பார்த்தபோதுதான், நான் மிகவும் மனமொடிந்து எழுதிய வரிகள் எல்லாம் அந்த நாட்களிலேயே விழுந்திருப்பதைக் கண்டேன். உணவில் எந்த மாற்றமும் இல்லை, நடையிலும் குறைவில்லை. மோதிரம் இறுகுகிறது, ரவிக்கையின் கை பிடிக்கிறது, மெஷின் ஏறுகிறது. விலக்கு வந்த மூன்றாம் நாள் எல்லாம் இறங்கிவிடுகிறது. அதன் பிறகு நான் இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, விலக்கு முடிந்த வாரத்தைப் போன மாதம் விலக்கு முடிந்த வாரத்தோடு ஒப்பிடத் தொடங்கினேன். அந்த ஒரு மாற்றம் என் மன அமைதிக்குச் செய்த உதவி பெரிது. உடன் வேலை பார்க்கும் இளம் ஆசிரியைகளிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

வேறு காரணங்களும் உண்டு. புதிதாக உட்கார்ந்து எழும் பயிற்சி தொடங்கிய வாரத்தில் தொடை வலியோடு முக்கால் கிலோ ஏறியது. பழக்கமில்லாத வேலையால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய காயங்களை ஆற்றுவதற்காக அங்கே நீர் சேர்கிறது, வலி போனதும் அதுவும் போய்விடுகிறது. அக்கினி நட்சத்திர நாட்களில் வகுப்பறையில் நாள் முழுவதும் நின்றால், மாலையில் செருப்பின் வார் காலில் தடம் பதிக்கிறது. வெயிலில் இரத்தக் குழாய்கள் விரிந்து, நீர் கீழே இறங்கிக் கணுக்காலில் தங்குகிறது. இரவு காலுக்குத் தலையணை வைத்துப் படுத்தால் காலையில் சரியாகிவிடுகிறது. நீண்ட பேருந்துப் பயணமும் அப்படியே.

இவற்றைவிட என்னை வியக்க வைத்தது, பட்டினியே உடம்பில் நீரைச் சேர்க்கும் என்பது. 1944–45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், போரால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்று அறிவதற்காக, தாமாக முன்வந்த 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். அவர்கள் தங்கள் எடையில் கால் பங்கை இழந்தார்கள். எலும்பும் தோலுமாக ஆன அவர்களில் பலருக்கு முகமும் கணுக்காலும் வீங்கின. கொழுப்பும் தசையும் கரைந்துகொண்டே போகும்போது அந்த எடையிழப்பை ஓரளவு நீர் மறைத்துவிட்டது. எட்டு நாள் அரைவயிறு மட்டுமே சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று வருந்துபவரிடம், ‘நீ ஒளித்துச் சாப்பிட்டிருப்பாய்’ என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படிச் சொல்வதற்கு முன்னால் இதை நினைக்க வேண்டும். கடுமையான பட்டினியும் தூக்கமின்மையும் மனக்கவலையும் கார்டிசால் என்ற ஹார்மோனை உயர்த்துகின்றன; அதுவும் நீரைப் பிடித்து வைப்பதற்குத் துணைபோகக்கூடும்.

ஆகவே 73.5 காட்டிய அந்தக் காலையில் நான் செய்யாமல் விட்டவைதான் முக்கியம். அன்று பட்டினி கிடக்கவில்லை. "ரெண்டு நாளு சாப்பிட்டதுக்கா இப்படி முகம் வாடி உக்காந்திருக்க? காப்பியும் வேண்டாம்னா எப்படி?" என்று மதினி கேட்டார்; காப்பியையும் குடித்தேன், வழக்கமான இட்லியையும் சாப்பிட்டேன். தண்ணீரைக் குறைக்கவில்லை. உடம்பில் நீர் சேர்ந்திருக்கிறது என்றதும் குடிக்கும் நீரைக் குறைக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் நீர் வரத்துக் குறைந்தால் உடல் இருப்பதை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும், நம் ஊர் வெயிலில் அது ஆபத்தும்கூட. சிறுநீரகங்கள் உப்பை வெளியேற்றவும் நீர் வேண்டும். அப்பளமும் ஊறுகாயும் மட்டும் ஒரு வாரம் வேண்டாம் என்று வைத்தேன். முருங்கைக்கீரையும் வாழைத்தண்டும் சமைத்தேன். கீரையிலும் பழத்திலும் உள்ள பொட்டாசியம், உடல் உப்பை வெளியே விடுவதற்கு உதவுகிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சிலவகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. அவர்களுக்குப் பொட்டாசியம் ஏறுவதே தீங்கு. இளநீருக்கும், கடைகளில் விற்கும் சோடியம் குறைந்த உப்புக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மறுநாள் 73.1. அடுத்து 72.4. அதற்கடுத்த நாள் 72.5, அன்று என்னை அறியாமல் மனம் கலங்கியது, பொறுத்துக்கொண்டேன். பிறகு 71.7. ஆறாம் நாள் 71.3. பத்தாம் நாள் 70.9.

அந்த நாட்களில் எனக்கு வந்த யோசனைகளில் இரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964 முதல் இருக்கும் ஊர் இது என்பதால், பாளையங்கோட்டையில் எல்லோருக்கும் ஒரு மூலிகை தெரியும். பக்கத்து வீட்டு அக்கா நீர்முள்ளிக் கஷாயம் குடிக்கச் சொன்னார். நீர்முள்ளி சிறுநீரைப் பெருக்கும் மூலிகை. உரிய நோய்க்கு உரிய மருத்துவர் கொடுத்தால் அதற்கு மதிப்புண்டு. ஆனால் என்னிடம் இருந்தது நோயல்ல, தானாக வடியப்போகும் நீர். இன்னொருவர், மருந்துக்கடையில் ‘நீர் மாத்திரை’ கேட்டால் ஒரே நாளில் இரண்டு கிலோ இறங்கும் என்றார். இறங்கும்தான். அதோடு சோடியமும் பொட்டாசியமும் இறங்கி, தசை பிடித்து, தலை சுற்றி, இதயத் துடிப்பே தடுமாறும் நிலையும் வரலாம். மாத்திரையை நிறுத்தியதும் உடல் முன்னைவிட அதிகமாக நீரைப் பிடிக்கவும் கூடும். ஒரு கிராம் கொழுப்பும் குறைந்திருக்காது. மருத்துவர் எழுதிக் கொடுக்காத எவரும் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கத்தைச் சொல்லாமல் விட்டால் என் பெரியம்மாவுக்கு நான் துரோகம் செய்தவளாவேன்.

2022இல் பெரியம்மாவுக்கு 68 வயது. சேரன்மகாதேவியில் தனியாக இருந்தாள். பத்து நாளில் உடம்பு பருத்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும், பேரன் பிறந்த மகிழ்ச்சியில் சதை போட்டிருக்கிறாள் என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். "படுத்தா மூச்சு முட்டுது, ஏட்டி. ரெண்டு தலவாணி வச்சுத்தான் படுக்கேன்" என்று போனில் அவள் சொன்னபோதும், எடை கூடியதால் மூச்சு வாங்குகிறது என்று நான் நினைத்தேன். முதலில் பார்த்த மருத்துவமனையில் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்து போன இடத்தில்தான் ஒரு இளம் மருத்துவர் அவள் கணுக்காலுக்கு மேலே கட்டை விரலால் சிறிது நேரம் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மேலே எழவில்லை; பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோலக் குழி அப்படியே நின்றது. இதயம் பலவீனப்பட்டு, இரத்தத்தை முழுமையாகத் தள்ள முடியாமல் நீர் உடலில் தேங்கியிருந்தது. ஒன்றரை ஆண்டு மருந்தோடு இருந்தாள், பிறகு போய்விட்டாள். அந்தப் பத்து நாட்களை நினைத்து இன்னும் எனக்கு ஆறவில்லை.

எனவே இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். விருந்துக்கும் விலக்குக்கும் வெயிலுக்கும் பிறகு ஏறுகிற நீர் ஒரு வாரத்தில் இறங்கத் தொடங்கிவிடும். அதற்கு ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியும். காரணமே இல்லாமல் இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, ஏறிக்கொண்டே போனாலோ, காலில் குழி விழுந்தாலோ, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, சிறுநீர் குறைந்தாலோ நுரைத்தாலோ, அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதயம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு எல்லாம் இந்த வாசல் வழியாகவும் தங்கள் நோயைத் தெரிவிக்கக்கூடும். கர்ப்பிணிகளுக்கு முகமும் கையும் திடீரென வீங்குவது இரத்த அழுத்தம் ஏறியதன் அறிகுறியாக இருக்கலாம். அதில் ஒரு நாளும் தாமதம் கூடாது. இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்கால் வீக்கத்தைத் தரும். ஸ்டீராய்டும் சில வலி மாத்திரைகளும் நீரைச் சேர்க்கும். அவற்றையும் தாமாக நிறுத்தாமல், கொடுத்தவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ள வேண்டும்.

இப்போது நான் எடை பார்க்கும் முறை இது. தினமும் காலையில் கழிப்பறைக்குப் போய் வந்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன்பு, அதே இலேசான உடையில் ஏறுகிறேன். அன்றைய எண்ணை எழுதி, பக்கத்தில் முந்தைய நாளைப் பற்றி ஒரு வரி எழுதுகிறேன்: ‘இரவு இரண்டு மணிக்குத் தூக்கம்’, ‘புளியோதரை’, ‘மதுரைக்குப் பேருந்து’. ஞாயிற்றுக்கிழமை ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுக்கிறேன். அந்தச் சராசரியைத்தான் என் எடை என்று எடுத்துக்கொள்கிறேன். நாலைந்து வாரச் சராசரி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தால் எனக்கு அது போதும். தினமும் பார்ப்பது மனதைக் குலைக்கிறது என்றால் பார்க்க வேண்டாம். என் தங்கைக்கு அப்படித்தான், அவள் மாதம் ஒருமுறை தையல் டேப்பால் இடுப்பை மட்டும் அளக்கிறாள். நானும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொப்புளுக்கு நேராக அளக்கிறேன். எடை அசையாமல் நின்ற மார்ச் மாதத்தில் இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது.

இதற்காக இவ்வளவு பொறுமை தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது ஒரே ஒரு ஆய்வைத்தான். 2002இல் அமெரிக்காவில் வெளியான அது, சர்க்கரை நோயின் வாசலில் இருந்தவர்களில், எடையில் 7 சதவீதம் குறைப்பதை இலக்காக வைத்து உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. என் 78.4 கிலோவில் 7 சதவீதம் ஐந்தரைக் கிலோ. திருமணத்துக்குப் புறப்பட்ட அன்றே நான் அதைத் தாண்டியிருந்தேன், 73.5 காட்டிய அந்தக் காலையில் 2019ஐப் போல எழுந்து போயிருந்தால் அதை இழந்திருப்பேன்.

மறு ஆண்டு நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்குக் குடும்பத்தோடு டவுனுக்குப் போனோம். வெயிலில் நான்கு ரத வீதியிலும் நின்றும் நடந்தும், மதியம் உறவினர் வீட்டில் சாப்பிட்டு, இரவு திரும்பும்போது கால் இரண்டும் கனத்தன. கட்டை விரலால் கணுக்காலை அழுத்திப் பார்த்தேன். தோல் உடனே மேலே எழுந்தது. காலையில் மெஷின் 66.8 காட்டியது. முந்தைய நாள் 65.9. நோட்டில் எண்ணை எழுதி, பக்கத்தில் ‘தேர், அப்பளம், வெயில்’ என்று எழுதிவிட்டு, நடப்பதற்குச் செருப்பை மாட்டினேன்.